தம்மபத உரைப் பயில்வு: மலாக்காத் தமிழர் வழி

பாலி மொழியிலுள்ள தம்மபதத்தை அதன் பழைய உரையோடும் கதைகளோடும் சேர்த்து ஓதி, பொருள் கேட்டு, ஒழுக்கத்துக்கும் தியானத்துக்கும் வழிகாட்டியாகக் கொள்ளும் முறையே தம்மபத உரைப் பயில்வு. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் இது நகரத்துப் பௌத்தக் கோயிலைச் சார்ந்து வளர்ந்தது. ரப்பர் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவை பாரதமும் தேவாரமும் திருக்குறளும். ஆனால் பாலி உரை மரபை உருவாக்கியவர்களில் பலர் காஞ்சியிலும் காவிரிப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் வாழ்ந்தவர்கள். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய கப்பல்களும் அதே நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பின. உரை ஒரு வழியாகவும் ஆட்கள் வேறு வழியாகவும் வந்து சேர்ந்ததால், மலாக்காத் தமிழர் கைக்குத் தம்மபதம் கிடைத்தபோது அது ஆங்கிலத்தில் இருந்தது.

நூலும் உரையும்

தம்மபதம் சுத்த பிடகத்தின் குத்தக நிகாயத்தைச் சேர்ந்தது. 26 வர்க்கங்களில் 423 பாடல்கள். பெரும்பாலானவை இரண்டு, மூன்று வரிகளில் முடிந்துவிடும். படித்த மாத்திரத்தில் பொருள் விளங்கியதுபோல் இருக்கும். அந்த எளிமைதான் இந்நூலின் சிக்கல். யாருக்கு, எந்த நெருக்கடியில், எதற்காகச் சொல்லப்பட்டது என்பதைப் பாடல் சொல்வதில்லை. அதைச் சொல்வது தம்மபத அட்டகதா என்னும் உரை.

மரபு இவ்வுரையைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் புத்தகோசருக்கு உரியது என்கிறது. நடை வேறுபாட்டைக் காட்டி ஆய்வாளர் சிலர் இதை ஏற்பதில்லை. சிங்கள மொழியில் முடங்கிக் கிடந்த பழைய உரையைப் பாலிக்குக் கொண்டுவரும்படி குமாரகசபர் என்ற தேரர் கேட்டுக்கொண்டதாக உரையின் முகப்பு சொல்கிறது. உரையின் அமைப்பு ஏறக்குறைய மாறாத ஒன்று. முதலில் பாடல் யாரைக் குறித்துச் சொல்லப்பட்டது என்ற குறிப்பு, அடுத்து நிகழ்காலக் கதை, பிறகு பாடல், சொல்லுக்குச் சொல் பொருள், கேட்டவர்கள் அடைந்த பயன், பல இடங்களில் முற்பிறவிக் கதை, இறுதியில் அன்றைய இன்னார்தான் இன்றைய இன்னார் என்ற முடிப்பு. இப்படி முந்நூற்றையொட்டிய கதைகள். நன்னூலுக்குக் காண்டிகையும் விருத்தியும் வைத்துப் படித்த தமிழ் மாணவருக்கு இந்த ஒழுங்கு அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு: இலக்கண உரைகாரர் விதிக்கு எடுத்துக்காட்டுத் தேடுகிறார், இந்த உரைகாரர் ஒரு மனிதரை முன்னால் நிறுத்துகிறார்.

282ஆம் பாடலுக்கு உரை சொல்லும் கதை போத்திலர் என்ற தேரரைப் பற்றியது. பிடகம் முழுவதும் கற்று, பெருந்தொகையான துறவிகளுக்குப் பாடம் சொன்னவர். அவர் வணங்க வரும்போதெல்லாம் புத்தர் 'வெறும் போத்திலரே, வாரும்', 'வெறும் போத்திலரே, போம்' என்றே பேசுகிறார். தியானத்தில் தாம் எதையும் ஈட்டாததைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று போத்திலருக்குப் புரிகிறது. யாரிடமும் சொல்லாமல் நெடுந்தூரம் நடந்து, முப்பது துறவிகள் வாழும் ஒரு காட்டு உறைவிடத்தை அடைகிறார். மூத்தவரிடம் போய்த் தமக்கு வழிகாட்டும்படி கேட்கிறார். 'உங்களிடமிருந்து நாங்கள் கற்க வேண்டியது இருக்கிறது' என்று அவர் அடுத்தவரைக் கைகாட்டுகிறார். அடுத்தவர் அதற்கடுத்தவரை. அகந்தை தணியட்டும் என்றே இப்படிச் செய்தார்கள் என்கிறது உரை. முடிவில் ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டிருந்த ஏழு வயதுச் சாமணேரனிடம் (இளந்துறவியிடம்) வந்து நிற்கிறார்.

சிறுவன் சோதனை வைக்கிறான். அருகிலிருந்த குளத்தைக் காட்டி, உடுத்திய சீவரத்தோடு (துறவாடையோடு) இறங்கச் சொல்கிறான். அது விலை உயர்ந்த நல்ல சீவரம் என்பது அவனுக்குத் தெரியும். போத்திலர் தயங்காமல் இறங்குகிறார். ஓரம் நனைந்ததும் 'போதும், வாருங்கள்' என்று அழைத்து ஒரே ஒரு பாடம் சொல்கிறான்: ஆறு துளையுள்ள புற்றுக்குள் உடும்பு புகுந்திருக்கிறது, பிடிக்க நினைப்பவன் ஐந்து துளைகளை அடைத்துவிட்டு ஆறாவது துளையில் காத்திருக்க வேண்டும். கண், காது, மூக்கு, நாக்கு, உடல் ஆகிய ஐந்து வாயில்களையும் காத்து, மனம் என்னும் ஆறாவது வாயிலில் வேலையைத் தொடங்கு என்பது கருத்து. போத்திலருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தக் கதையை நீக்கிவிட்டு 282ஆம் பாடலைப் படித்தால் பயிற்சியால் அறிவு பெருகும் என்ற பொது அறிவுரைதான் மிஞ்சும். உரையோடு படித்தால் உட்கார்ந்து செய்யத் தக்க ஒரு பயிற்சி கிடைக்கிறது. கற்றல், கற்றபடி ஒழுகல், உணர்ந்து ஊடுருவல் என்று தேரவாதம் வகுக்கும் மூன்று படிகளில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலுள்ள பள்ளத்தை இத்தகைய கதைகள்தான் நிரப்புகின்றன. 19, 20ஆம் பாடல்களும் இதே சிக்கலைப் பேசுகின்றன: நூல்களை எல்லாம் ஒப்பித்தும் ஒழுகாதவர், பிறர் மாடுகளை எண்ணிக் கணக்குக் கொடுக்கும் கூலி இடையரோடு ஒப்பிடப்படுகிறார்.

ஐரோப்பாவில் 1855இல் ஃபௌஸ்போல் லத்தீன் மொழிபெயர்ப்போடு பாலி மூலத்தைக் கோபன்ஹேகனில் பதிப்பித்தார். மாக்ஸ் முல்லரின் ஆங்கிலப் பெயர்ப்பு அடுத்து வந்தது. உரைக் கதைகள் முழுமையாக ஆங்கிலமானது 1921இல்தான்: பர்லிங்கேம் மூன்று தொகுதிகளாக ஹார்வர்டு வரிசையில் வெளியிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் பெரும்பகுதி தம்மபதத்தை உரையில்லாமல் பொன்மொழித் தொகுப்பாகவே படித்தது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

உரை எழுதிய தமிழ்நாடு

புத்தகோசர் விசுத்திமக்கத்தை அனுராதபுரத்து மகாவிகாரையில் எழுதினார். 23 அதிகாரங்கள், 40 தியானப் பொருள்கள் கொண்ட அந்த நூல் தேரவாதப் பயிற்சியின் கையேடு. இலங்கைக்குப் போகுமுன் அவர் தமிழ்நாட்டில் தங்கியிருந்தார். காஞ்சிபுரத்தில் தம்மோடு வாழ்ந்த சோதிபாலர் கேட்டுக்கொண்டதால் அங்குத்தர நிகாய உரையையும், மயூரப் பட்டினத்தில் உடனிருந்த புத்தமித்தர் கேட்டுக்கொண்டதால் மச்சிம நிகாய உரையையும் எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார்.

அவர் காலத்தவராகக் கருதப்படும் புத்ததத்தர் சோழநாட்டு உரகபுரத்தவர்; அது உறையூர் என்பர். களப்பிர அரசன் அச்சுத விக்கந்தன் காலத்தில் பூதமங்கலத்து விகாரையில் வினய வினிச்சயத்தை எழுதினார். அபிதம்மாவதாரத்தைக் காவிரிப்பட்டினத்தில் எழுதினார். இலங்கையிலிருந்து திரும்பும் புத்ததத்தரின் கப்பலும் அங்கே போகும் புத்தகோசரின் கப்பலும் கடலில் எதிர்ப்பட்டு இருவரும் பேசிக்கொண்டதாக ஒரு மரபுக் கதை உண்டு. நம்பத் தேவையில்லை, அந்தக் கடல்வழியில் உரைகாரர்கள் போய்வந்தார்கள் என்பதை நம்பலாம்.

மூன்றாமவர் தருமபாலர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் பதரதித்த விகாரையில் இருந்தவர். தேரகாதை, தேரிகாதை, உதானம், விமானவத்து, பேதவத்து என்று புத்தகோசர் தொடாத குத்தக நிகாய நூல்களுக்கு உரை வகுத்தார். விசுத்திமக்கத்துக்கே பெரிய விளக்கவுரை இவர் பெயரில் வழங்குகிறது. நெத்திப்பகரண உரையை நாகப்பட்டினத்து தர்மாசோகன் விகாரையில் எழுதினார். ஒரு மறைநூலை எப்படிப் படித்துப் பொருள் காண்பது என்று கற்பிக்கும் நூல் நெத்திப்பகரணம். அதன் உரை நாகையில் எழுதப்பட்டது என்பது தமிழ்ப் பாடநூல்களில் ஒரு வரியாவது இடம்பெற வேண்டிய செய்தி.

இவ்வளவும் பாலியில் நடந்தது. தமிழில் மணிமேகலை தருக்கத்தையும் பன்னிரு நிதானங்களையும் கதைக்குள் வைத்துப் பாடியது. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரசோழியம் செய்தார்; அதற்குப் பெருந்தேவனார் எழுதிய உரை பல பௌத்தப் பாடல்களைக் காப்பாற்றித் தந்தது. குண்டலகேசியும் பிம்பிசார கதையும் சித்தாந்தத் தொகையும் முழுமையாகக் கிடைக்கவில்லை. தம்மபதத்துக்குப் பழந்தமிழ் உரை எதுவும் நம் கைக்கு வரவில்லை.

கடாரமும் நாகையும்

மலாய்த் தீபகற்பத்தில் பௌத்த வாக்கியம் கல்லில் வெட்டப்பட்டது மலாக்கா என்ற ஊர் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கெடாவின் புக்கிட் மெரியாமில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். எல்லாப் பொருளும் காரணத்திலிருந்து தோன்றுகின்றன என்ற புகழ்பெற்ற பௌத்தச் சூத்திரமும், அறியாமையால் வினை சேர்கிறது என்ற பாடலும் அதில் இருந்தன. அதே வினைப் பாடல் அவர் 1834இல் இன்றைய செபராங் பிறையில் கண்ட மாநாவிகன் புத்தகுப்தனின் கல்லிலும் உண்டு. அதன் எழுத்து 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புத்தகுப்தன் கப்பல் தலைவன். கடற்பயணம் நலமாக முடிய வேண்டி மறைவாக்கைக் கல்லில் பொறித்திருக்கிறான்.

671இல் சீனத் துறவி இ-சிங் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் இறங்கி ஆறு மாதம் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பிறகு கெடா வழியாக இந்தியா போனார். இந்தியாவுக்குப் போகும் சீனத் துறவிகள் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கிப் படித்துவிட்டுப் போவது நல்லது என்று எழுதிவைத்தார். நூலை ஆசிரியரின் விளக்கத்தோடு கற்கும் இடமாக மலாக்கா நீரிணைப் பகுதி அப்போதே பெயர் பெற்றிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடாரம் எனப்பட்ட கெடாவின் அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணிவர்ம விகாரையைக் கட்டி முடித்தான். 1006ஐ ஒட்டி முதலாம் ராசராசன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைப் பள்ளிச்சந்தமாக (சமயக் கொடையாக) விட்டான். இந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. ராசேந்திரன் 1025இல் அதே கடாரத்தின்மேல் படையெடுத்தான்; அதற்குப் பிறகும் விகாரை பிழைத்தது. 1476இல் பர்மாவின் தம்மசேதி அரசன் வெட்டுவித்த கல்யாணிக் கல்வெட்டு, இலங்கை சென்று திரும்பிய பர்மியத் தேரர் சிலர் கப்பல் உடைந்து நாகப்பட்டினம் வந்து பதரிகாராமம் இருந்த இடத்தை வணங்கியதைச் சொல்கிறது. அப்போது எஞ்சியிருந்தது இடம்தான், ஆராமம் இல்லை. கடலின் மறுகரையில் அதே ஆண்டுகளில் மலாக்கா சுல்தானியம் உச்சத்தில் இருந்தது. துறைமுகத்தில் தமிழ் வணிகர் செல்வாக்கோடு இருந்தனர். அவர்கள் கொண்டுபோனது சைவமும் இஸ்லாமும்.

நாகையில் சீனக் கோபுரம், புதுவெளிக் கோபுரம் என்றெல்லாம் அழைக்கப்பட்ட பௌத்தக் கட்டடத்தின் எச்சம் கப்பலோட்டிகளுக்கு நெடுங்காலம் கரை அடையாளமாக நின்றது. 1867இல் ஏசு சபையார் அதை இடித்தனர். 1856 முதல் அங்கே தோண்டத் தோண்டக் கிடைத்த வெண்கலப் புத்தர் படிமங்கள் சுமார் 350. கோபுரம் போன பிறகு அதே துறைமுகத்தில் சட்டியும் பாயும் சுருட்டிக்கொண்டு காத்திருந்தவர்கள் மலாயாத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஆட்கள்.

பால்மரக் காட்டில் படிப்பு

மலாயாவில் ரப்பர் தோட்டத் தொழில் மலாக்காவில்தான் தொடங்கியது. தான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் முதலில் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரித்தார். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் ஆள் கட்டிக் கொண்டுவருவது 1938 வரை நீடித்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் கடமையை முதலாளிமேல் சுமத்தியது. இன்று மாநிலத்தில் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வழி வந்தவை.

விடியுமுன் பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு மரம் சீவல், பால் எடுத்து நிறுவைக்குக் கொண்டுபோதல் என்று பொழுது போன வாழ்க்கையில் நூல் படிப்பு இரவு வேளைக்கு உரியது. ஊரில் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் படித்த பழக்கம் ஆட்களோடு வந்தது. ஒருவர் பாட்டை வாசிப்பார்; இன்னொருவர் பொருள் சொல்லிக் கதையை விரிப்பார்; கேட்பவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பாடல், பொருள், கதை, அதிலிருந்து நடத்தைக்கு ஓர் அளவுகோல்: முறை அளவில் இது தம்மபத உரை செய்யும் வேலையேதான். தோட்டத்தில் உரைப் பயில்வு இருந்தது. பயின்ற நூல்தான் வேறு.

1930களிலிருந்து அந்த இடத்துக்குக் குறள் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். 1952 முதல் அவர் முன்னெடுத்த தமிழர் திருநாள் மலாயா ஊர்கள், தோட்டங்கள் எங்கும் பரவியது. சமயச் சடங்கை விட்டு அறநூலை முன்வைக்கும் அந்த இயக்கத்துக்குக் குறள் வசதியாக அமைந்தது. 1949இல் வந்த மு. வரதராசனின் தெளிவுரை சட்டைப்பைக்குள் அடங்கியது. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் இன்னொருவர் துணையின்றிப் பொருள் காண முடிந்தது. அச்சில் உரை வந்ததும் பொருள் சொல்பவர் தேவை குறைந்தது. இதில் இழப்பும் உண்டு: கதை போய்விட்டது.

தமிழ்ப் பௌத்தம் போன திசை

தமிழில் பௌத்த நூலுக்குப் புதிதாக உரை காணும் முயற்சிக்கு 1898 முக்கியமான ஆண்டு. அவ்வாண்டில் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அரும்பத உரையோடு பதிப்பித்தார். பௌத்தக் கலைச்சொற்களுக்குத் தமிழ் மரபில் விளக்கம் அற்றுப் போயிருந்ததால், பேராசிரியர் ரங்காசாரியாரின் உதவியோடு ஆங்கில நூல்கள் வழியாகப் பொருள் தேட வேண்டியிருந்தது. புத்தர், தருமம், சங்கம் ஆகியவற்றைப் பற்றிய விளக்கங்களையும் பதிப்போடு சேர்த்தார்.

அதே ஆண்டில் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு சென்று சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிவந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 'புத்தரது ஆதிவேதம்' எழுதினார். திருக்குறளுக்கும் ஔவையாரின் நீதி நூல்களுக்கும் அவற்றைப் பௌத்த நூல்களாகக் கொண்டு உரை வகுத்தார். அவருடைய சொற்பொருள்கள் பலவற்றை மொழியறிஞர்கள் ஏற்பதில்லை. ஆனால் அவர் செய்த காரியத்தின் போக்கு தெளிவானது: தம் மக்கள் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கும் நூலை எடுத்து, புதிய உரையின் மூலம் அதைப் பௌத்தப் பயிற்சி நூலாக்குவது. வாசகர் கேள்வி அனுப்ப இதழில் பதில் சொல்வது உரையின் நீட்சியாகவே நடந்தது.

சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று தமிழ்த் தொழிலாளர் போன இடங்களில் எழுந்தன. 1914இல் அயோத்திதாசர் மறைந்த பின் தங்கவயலே மையமாயிற்று. அங்கே ஜி. அப்பாதுரையார் 1926இல் தமிழனை மீண்டும் நடத்தினார்; சித்தார்த்த புத்தகசாலை பௌத்த நூல்களை மலிவாக அச்சிட்டது. லட்சுமி நரசுவின் ஆங்கில நூல், மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' (1940), ப. ராமஸ்வாமியின் 'தம்ம பதம்' மொழிபெயர்ப்பு என்று அடுத்தடுத்து நூல்கள் வந்தன. தமிழில் தம்மபதம் படிக்க விரும்புபவருக்குப் பாடல் கிடைத்தது. அட்டகதாவின் முழுக் கதைத் தொகுதி கிடைக்கவில்லை.

1954 டிசம்பரில் இரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டில் பெரியாரும் அம்பேத்கரும் சந்தித்தனர். சேர்ந்து மதம் மாறலாம் என்று அம்பேத்கர் அழைத்ததாகவும், இந்து மதத்துக்குள் இருந்து அதைக் கண்டிக்கும் உரிமையை இழக்க விரும்பாததால் தாம் மறுத்ததாகவும் பெரியார் பின்னர் சொன்னார். அந்த மாநாட்டிலிருந்து நேராக அவர் வந்தது மலாயாவுக்கு. அவர் வழியாகத் தோட்டத்துக்கு வந்த புத்தர் பகுத்தறிவு ஆசிரியர். உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லும் ஆசிரியர் அல்லர்.

காஜா பெராங் சாலை

மலாக்கா நகரில் தங்கக் கொல்லர் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சீனரின் செங் ஹூன் தெங் கோயிலும் கூப்பிடு தொலைவில் இருப்பதைச் சுற்றுலா நூல்கள் எல்லாம் சொல்லும். இக்கட்டுரைக்கு அதைவிட முக்கியமானது காஜா பெராங் சாலை. சுல்தானியக் காலத் தமிழ் வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பும் கோயில்களும் அங்கே உள்ளன. வீட்டுமொழி மலாய் ஆகிவிட்டது. வழிபாடு சைவமாகவே இருக்கிறது. அதே சாலையில்தான் 1920இல் தோன்றிய செக் கியா ஈன் பௌத்தக் கோயிலும் இருக்கிறது. வெசாக் இரவில் மலாக்கா வீதிகளில் போகும் ரத ஊர்வலம் இக்கோயிலைச் சார்ந்தது.

நீரிணைக் குடியேற்றங்களின் பாபா சீனக் குடும்பங்களில் பலருக்குச் சீன எழுத்துத் தெரியாது. சீன மொழிச் சூத்திரங்களை ஓதலாம், பொருள் பிடிபடாது. ஆங்கிலத்தில் நூலும் உரையும் வைத்திருந்த இலங்கைத் தேரவாதம் அவர்களுக்குக் கைகொடுத்தது. சிங்களத் துறவிகளின் வருகை, இளைஞர் குழு, ஞாயிறு வகுப்பு என்ற அமைப்பு 1950களில் மலாயா நகரங்களில் வேர்விட்டது. அமெரிக்கரான சுமங்கலோ தேரர் பினாங்கிலிருந்து இளைஞர் குழுக்களை வளர்த்தார். 1963இல் அங்கேயே காலமானார்.

இந்த அலையின் பெரிய ஆள் கே. ஸ்ரீ தம்மானந்தர். 1919இல் இலங்கையின் மாத்தறைப் பகுதியில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் படித்து, 1952 ஜனவரியில் மலாயா வந்தார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் விகாரையே அவர் இருப்பிடம். 1894இல் சிங்களவர் சங்கம் அமைத்து நிறுவிய விகாரை அது. சுற்றிலும் ரயில்வே குடியிருப்புகள், தமிழர் கடைகள், கோயில்கள். ஆங்கிலேயர் அறிவித்திருந்த அவசரகாலத்தில் சீனர் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமங்களுக்குப் போய்ப் பேசினார். 1962இல் பௌத்த சமயப் பரப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1988இல் அவருடைய தம்மபத மொழிபெயர்ப்பு கதைகளோடு வெளிவந்தது. சிறு வெளியீடுகள் கோயில் முகப்பு அலமாரிகளில் இலவசமாக அடுக்கப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். 2006 ஆகஸ்டு 31இல் மறையும் வரை எழுதினார், பேசினார்.

பர்மாவில் 1986இல் டாவ் மியா டின் கதைச் சுருக்கங்களோடு வெளியிட்ட பதிப்பும், 1993இல் வெரகொட சாரத தேரர் பாடலுக்கு ஒரு படமாக 423 படங்களோடு கொண்டுவந்த பதிப்பும் வகுப்புகளுக்குத் தோதானவை. கூட்டாகப் பாலியில் ஓதல், ஒருவர் கதை வாசித்தல், சொற்பொருள், பிறகு கண்மூடி அமர்தல் என்பதே இத்தகைய வகுப்பின் வழக்கமான ஒழுங்கு. முறையில் இது லயத்து இரவுப் பாரத வாசிப்புக்கு அண்ணன் தம்பி. மொழிதான் வேலி. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வளர்ச்சித் திட்டங்களுக்கு விற்கப்பட்டும் போனதால் தாமான் எனப்படும் நகரக் குடியிருப்புகளுக்குக் குடிவந்த தலைமுறைக்குப் பள்ளிவழி ஆங்கிலம் வந்தது. அப்போதுதான் அந்த வேலி தாழ்ந்தது.

வினையும் விவாதமும்

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் சுமார் 1.7 விழுக்காட்டினர் பௌத்தர் எனப் பதிந்தனர். எண்ணிக்கையைவிட, தமிழ் வாசகர்கள் இரண்டு வேறு வாசல்களால் நூலுக்குள் நுழைகிறார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

ஒரு வாசல் தியானம். பர்மாவில் ஊ பா கின்னிடம் பயின்ற கோயங்கா 1969இல் இந்தியா வந்து வகுப்புகள் நடத்தினார். சென்னை வகுப்பும் அவ்வாண்டில் நடந்தவற்றில் ஒன்று. அவருடைய பத்து நாள் வகுப்பின் மாலை உரைகளில் தம்மபதப் பாடல்களும் அட்டகதாக் கதைகளும் அடிக்கடி வரும். மலேசியாவில் பகாங்கின் கம்பாங்கில் மையம் இருக்கிறது. இங்கே வருபவருக்கு உரை என்பது பயிற்சியின்போது எழும் ஐயத்துக்குப் பதில்.

மற்ற வாசல் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அவர் எழுதிய 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் அச்சாயிற்று. பெரியார்தாசன் அதைத் தமிழாக்கினார். அந்நூலின் முன்னுரை மரபு உரைகளோடு நேரடியாக மோதுகிறது. முற்பிறவி வினை இப்பிறவியைத் தீர்மானிக்கும் என்பதை அம்பேத்கர் புத்தர் வாக்காக ஏற்கவில்லை.

மோதல் தம்மபதத்தின் முதல் கதையிலேயே தொடங்கிவிடுகிறது. சக்குபாலர் என்ற தேரர் மழைக்காலம் முழுவதும் படுக்காமல் தவம் செய்கிறார். கண்நோய் வருகிறது. படுத்துத்தான் மருந்து விட வேண்டும் என்கிறார் வைத்தியர். படுக்காநோன்பை விடாத தேரர் கண்ணை இழக்கிறார். அதே கணத்தில் ஞானமும் வாய்க்கிறது. பிறகொரு நாள் மழை ஓய்ந்த தரையில் நடக்கையில் அவர் காலடியில் பூச்சிகள் சாகின்றன. மற்றத் துறவிகள் குறைசொல்ல, அவருக்குக் கண் தெரியாது, கொல்லும் எண்ணமும் இல்லை, எண்ணமில்லாத இடத்தில் வினை இல்லை என்கிறார் புத்தர். மனமே முதன்மை என்ற முதல் பாடலுக்கு இதைவிட நல்ல உரை இருக்க முடியாது. அங்கே நிறுத்தியிருக்கலாம். உரைகாரர் நிறுத்தவில்லை. தேரர் ஏன் குருடானார் என்று கேட்டு, முற்பிறவியில் அவர் வைத்தியராக இருந்து, குணமானால் பிள்ளைகளோடு அடிமையாவதாகச் சொன்ன ஒரு பெண் குணமான பின்னும் நோய் கூடிவிட்டதாகப் பொய் சொன்னதால், அவள் கண்ணை மருந்திட்டே பறித்தார் என்ற கதையைச் சேர்க்கிறார்.

எண்ணமே வினை என்ற பாடம் தியானத்தில் அமர்பவருக்கு நேரடியாகப் பயன்படுகிறது. உன் துன்பத்துக்கு உன் பழைய பிறவிதான் காரணம் என்ற பாடமோ சாதியின் பெயரால் அதே சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, கடல் கடந்து வந்த குடும்பத்தாருக்குக் கசக்கும். கசப்பதில் நியாயம் உண்டு. தம்மானந்தர் தம் நூல்களில் வினை என்பது தலைவிதி அல்ல, இப்போது செய்யும் செயலால் அதன் போக்கை மாற்றலாம் என்று மரபுக்குள் நின்றே விளக்கினார். அம்பேத்கர் வழியினர் முற்பிறவிக் கதையை விட்டுவிட்டு நிகழ்காலக் கதையோடு நிறுத்திக்கொள்கின்றனர். உரையின் உறுப்புகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் இந்த இரு வாசகரும் இன்னும் உடன்படவில்லை.